சாவி யாஸ்னாவிடம் இருக்கிறது

சாவி யாஸ்னாவிடம் இருக்கிறது.
தாளும் அவளிடம்தான்.
ஒரு பக்கத்தில் முடிக்க நினைத்தது
மூன்று பக்கம் ஓடிவிட்டது.

காலையில் மாத்திரை பாதி. இரவில் முழுசு.
வெண்ணெயில் பொதிந்து கொடு, துப்பினால் மறுபடி கொடு.
கபித்தானுக்குக் காது கேட்காது,
பின்னாலிருந்து தொடாதே, நடுங்கிப்போவான்.
தரையைக் காலால் ஒருமுறை தட்டு.
பலகையின் அதிர்வு வயிற்றில் பட்டதும்
தானே திரும்புவான்.
பூனைக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்று எழுதி
அதை அடித்து,
கூப்பிட்டுப் பார், வராது, பரவாயில்லை
என்று எழுதியிருக்கிறேன்.

வால்டிவியாவை விட்டுக் கிளம்பும்போது மணி ஆறு. மழை.
ஆகஸ்டில் இங்கே அதை யாரும்
செய்தியாகச் சொல்வதில்லை.
ஒசோர்னோ தாண்டுவதற்குள் கேட்டுவிட்டேன்:
விறகடுப்பின் புகைமூடியைத் திறந்துதானே வைத்தோம்?
"திறந்துதான் இருக்கிறது, பார்த்தேன்" என்றான் ரமீரோ.
அவன் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும் என்பதும்
அவனுக்குத் தெரியும்.
கண்ணாடித் துடைப்பான் எங்கள் இருவருக்கும் சேர்த்து
இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டே வந்தது.

பார்குவாவில் படகு.
கால்வாயில் கடல்சிங்கம் ஒன்று தலை தூக்கி
எங்களைப் பார்த்துவிட்டு மூழ்கியது.
மேல்தளத்தில் எல்லோரும் படம் எடுத்தார்கள்.
நான் அந்த மீசையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று
நின்றேன்.

காஸ்த்ரோவில் அறை நீருக்கு மேலே,
மரக்கால்களில்.
விடுதிக்கார எதெல்மிராவுக்கு மூன்று பூனைகள்.
மஞ்சள் நிறத்தது வந்து மடியில் ஏறியது,
அழைக்காமலே.
தடவினேன். தொண்டைக்குள் ஒரு மோட்டார் ஓடியது.
பிறகு போய்
சோப்புப் போட்டுக் கை கழுவினேன், இரண்டு முறை.
ஏன் என்று ரமீரோ கேட்கவில்லை.

இரவு பத்தரைக்கு யாஸ்னாவின் படம்.
தட்டு. காலித் தட்டு மட்டும்.
சாப்பிட்டான் என்பதற்கு அதுதான் சாட்சியாம்!
அவசரப் பிரிவில் செவிலி,
அவளுக்கு உயிர் இருந்தால் போதும்.
எனக்குப் போதவில்லை.
இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன்,
மேசைக்கால் வழியே, விறகுக்கூடை வழியே,
ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ.
நூபே! பூனையின் முதுகு!
"அது என் காலுறை" என்றான் அவன்,
திரும்பிப் படுத்துக்கொண்டே.

வேறென்ன சொல்வாய் நீ, என்று நினைத்தேன்.
வேண்டாம் வேண்டாம் என்றவன்தானே,
அந்த நாய் வந்த நாளில்.

விடியுமுன் விழித்தபோது பக்கத்தில் இடம் குளிர்ந்திருந்தது.
வெளித்திண்டில் நிற்கிறான்.
கீழே நீர் வற்றி, சேறு, கவிழ்ந்த தோணி.
வேலை முடிந்து வரும் யாஸ்னாவைப் பிடித்திருக்கிறான்.
தாழ்ந்த குரலில்:
"ஒருமுறை இல்லை. இரண்டு.
இரண்டு முறை தட்டினால் அது நான்.
அவனுக்குத் தெரியும்.
ஒருமுறை அவளுக்கு.
நீ... நீ இரண்டு தட்டு, இன்றைக்கு மட்டும்."

பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில்.
எனக்கு இது தெரியாது.
போர்வைக்குள் திரும்பிப்போய்த் தூங்குவதாக நடித்தேன்.
அவனும் வந்து நடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மரத்தேவாலயங்கள் பார்ப்பதாக ஏற்பாடு.
சந்திப்பில் வண்டி இடப்பக்கம் போக வேண்டும்.
வலப்பக்கம் போனது, படகுத்துறைக்கு.
"மழை" என்றான்.
ஆமாம், மழை, என்றேன்.
வரிசையில் முதல் வண்டி எங்களுடையது.

வாசலில் நின்றதும் நூபே எங்கிருந்தோ குதித்து
எங்களைத் தாண்டிப் போய்
சூடாக இருந்த வண்டி மூக்கில் உட்கார்ந்தது.
வரவேற்பு அவ்வளவுதான்.

உள்ளே புகைமூடி திறந்திருந்தது.
அடுப்போரம் கபித்தான், முதுகு எங்கள் பக்கம்.
கதவு திறந்தது தெரியாது அவனுக்கு.
விலா எழுகிறதா என்று பார்த்தேன்.
எழுந்தது. தாழ்ந்தது.
மறுபடி எழ நேரமாவதுபோல் இருந்தது. எழுந்தது.
ரமீரோ ஈரக் காலணியைத் தூக்கி,
தட்டாமல்,
ஒற்றைக் காலில் நின்று
என்னைப் பார்க்கிறான்.